அமுக்கமும் முற்றுகையும்: யாழ்ப்பாணக் குடாநாட்டில் லொறி எஞ்சின் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அண்மைக்கால வரலாற்றை ஆராய முற்பட்டோர் நிலவுடைமை, சாதியமைப்பு, சமய மறுமலர்ச்சி, ஆங்கிலக் கல்வி, மொழி உரிமைப் போராட்டம் ஆகியவற்றுக்கு அளித்த கவனத்தின் ஒரு சிறு பங்கினைத்தானும் இயந்திரத்துக்கு அளித்தாரல்லர். வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் பற்றிப் பொருளியலாளர் எழுதியுள்ளனர். அவற்றைத் தெற்கே கொண்டுசென்ற லொறியைப் பற்றி எழுதினாரில்லை. உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சியே சமூக மாற்றத்தின் அடித்தளம் என்பதைக் கொள்கையளவில் ஏற்றுக்கொள்ளும் எம்மவர்கூட, அவ்வுற்பத்திச் சக்திகளை உருளையும் முசலமுமாகப் பிரித்துப் பார்க்க முன்வந்ததில்லை. இயந்திரம் பொறியியலாளரின் பொருள், வரலாறு கலைப்பீடத்தாரின் பொருள் என்னும் பாகுபாடு எமது பல்கலைக்கழகங்களில் இன்றும் உறுதியாக நிற்கின்றது. 1974 இல் யாழ்ப்பாணத்திற் பல்கலைக்கழக வளாகம் தோன்றிய போதிலும், அதன் பொறியியற் பீடம் கிளிநொச்சியில் இயங்கத் தொடங்கியது நாற்பது ஆண்டுகளின் பின்னரே என்பதையும் இவ்விடத்து நினைவுகூரலாம்.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் மிகக் குறுகியது: லொறி எஞ்சினுக்குள் வளி எந்த அமுக்கத்திற் செல்கின்றது என்பதே அது. வளிமண்டல அமுக்கத்திலும் மேலான அமுக்கத்தில் வளியை எஞ்சினுட் செலுத்தும் முறை உலகெங்கும் பரவிய காலத்திலே, குடாநாட்டின் எஞ்சின்கள் ஏன் வெறும் வளிமண்டல அமுக்கத்தோடு நின்றன? 1990 இன் பின்னரான முற்றுகையின்போது அவ்வாறு நின்றமையே எவ்வாறு அவற்றைக் காப்பாற்றியது? குறுகிய இவ்வினாக்களுக்கு விடை காணப் புகும்போது, இறக்குமதிக் கொள்கை, விவசாயம், போர், தொழிலாளரின் அறிவு ஆகியவற்றினூடே நாம் செல்ல வேண்டியுள்ளது.

2

முதலில் எஞ்சினின் இயல்பைச் சிறிது நோக்குவோம். பௌதிகம் பயின்ற வாசகர் இப்பகுதியைப் பொறுத்தருள்வாராக.

எஞ்சினின் வலு எரிபொருளால் மாத்திரம் வருவதன்று. ஒரு கிலோகிராம் டீசல் முற்றாகத் தகனமடைவதற்கு ஏறத்தாழ 14.5 கிலோகிராம் வளி வேண்டும். எமது நாட்டின் 30 பாகை வெப்பநிலையில் அந்த வளி ஏறத்தாழ பன்னிரண்டரைக் கன மீற்றர் இடத்தை அடைக்கும். எனவே எஞ்சினுக்கு எரிபொருளை ஊட்டுவது எளிது. வளியை ஊட்டுவதே கடினம். முசலம், அதாவது மெக்கானிக்மார் பிஸ்டன் என்பது, கீழிறங்கும்போது உருளையினுள் ஏற்படும் வெற்றிடத்தை நிரப்ப வெளிவளி தானாக உள்ளே வருகின்றது. இதனை இயற்கை மூச்சு எனலாம். உருளையின் கொள்ளளவுக்கு மேல் ஒரு துளி வளியும் இவ்வகையில் உட்புகாது. வளி போதாத நிலையில் டீசலைக் கூட்டினால் வலு கூடுவதில்லை. கறுப்புப் புகையே கூடும்.

இத்தடையை நீக்குதற்கு இரு வழிகள் உண்டு. எஞ்சினைப் பெரிதாக்குவது ஒன்று. வளியை வெளியிலேயே நெருக்கி உட்செலுத்துவது மற்றொன்று. இரண்டாவது வழியின் வரலாறு எஞ்சினின் வரலாற்றளவு பழையது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்து ரூட்ஸ் சகோதரர்கள் 1860 இல் உரிமம் பெற்ற ஊதி, லொறியை எண்ணிச் செய்யப்பட்டதன்று. பின்னர் அது உலோகம் உருக்கும் உலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் காற்று வழங்கியது. ஒன்றையொன்று பற்றிச் சுழலும் இரு மடல்கள் வளியைச் சிறைப்பிடித்து ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குத் தள்ளுவதே அதன் செயல். இதனை எஞ்சினின் சுழல்தண்டோடு பற்சில்லாலோ பட்டியாலோ இணைத்தபோது அது சுப்பர்சார்ஜர் ஆயிற்று. சுவிற்சர்லாந்தின் அல்பிரட் பூகி 1905 இல் வேறொரு வழியைக் கண்டார். எஞ்சினை விட்டு வீணே வெளியேறும் சூடான கழிவு வாயுவினால் ஒரு சுழலியைச் சுழற்றி, அச்சுழலியின் மறுமுனையிலுள்ள சில்லினால் வளியை நெருக்குவது அவரது எண்ணம். இதுவே இன்று டர்போ எனப்படுகின்றது. அந்நாட்டின் சௌரர் நிறுவனம் 1938 இல் லொறி எஞ்சினிலும், சுவீடனின் வொல்வோ நிறுவனம் 1954 இல் தன் லொறிகளிலும் இதனைப் பொருத்தின.

இரண்டும் ஒரே வேலையைச் செய்யினும் அவை தரும் மேலமுக்கத்தின் குணம் வேறு. சுப்பர்சார்ஜர் எஞ்சினோடு பிணைக்கப்பட்டது. எஞ்சின் ஒரு முறை சுழல அதுவும் குறித்த அளவு சுழலும். எஞ்சின் ஒரு சுற்றில் உட்கொள்ளும் வளியிலும் கூடிய வளியை அது ஒரு சுற்றிலே தள்ளுமாயின், எஞ்சுவது உட்குழாயிலே தேங்கி அமுக்கமாகின்றது. இதனால் லொறி வெறுமையாக ஓடினும் பாரமேற்றி ஓடினும் மேலமுக்கம் ஏறத்தாழ ஒன்றே. மிகக் குறைந்த சுழற்சியில் மடல்களின் இடைவெளியூடாக வளி பின்னோக்கிக் கசிவதனால் மாத்திரம் அது சற்றுக் குறையும். காற்பலகையை மிதித்தவுடன் வலு கிடைப்பது இதன் நன்மை. அதனைச் சுழற்ற எஞ்சினே தன் வலுவிற் பங்கு கொடுக்க வேண்டியிருப்பது தீமை.

டர்போவின் நிலை வேறு. எரிபொருள் கூடுதலாக எரிந்தாலன்றிக் கழிவு வாயுவிற் சக்தி இல்லை. கழிவு வாயுவிற் சக்தி இல்லையேல் சுழலி வேகங்கொள்ளாது. ஆகவே சுமை ஏறும்போதே அமுக்கமும் ஏறுகின்றது. வெறும் லொறி சமதரையில் ஓடும்போது மானியின் முள் அசைவதே அரிது. அதே லொறி நிறைபாரத்துடன் மேடேறும்போது முள் வளிமண்டல அமுக்கத்துக்கு மேல் ஒன்று, ஒன்றரை மடங்கு வரை எழும். சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்று கணக்கிடும் பழைய மெக்கானிக்மாரின் மொழியிற் சொல்வதாயின், 15 முதல் 22 இறாத்தல். மிதித்த கணத்துக்கும் அமுக்கம் எழும் கணத்துக்கும் இடையே ஒரு தயக்கம் உண்டு. சுழலி வேகம் பிடிக்க எடுக்கும் காலம் அது.

நெருக்கிய வளி சூடேறும் என்பதையும் மறத்தலாகாது. 30 பாகை வளியை இரு மடங்கு அமுக்கத்துக்கு நெருக்கினால், நெருக்கியின் வினைத்திறன் நூற்றுக்கு 70 எனக் கொள்ளுமிடத்து, அதன் வெப்பநிலை ஏறத்தாழ 125 பாகையாகும். சூடேறிய வளி விரிவதனால் அமுக்கம் இரட்டித்தும் வளியின் நிறை ஒன்றரை மடங்கே கூடும். இந்த இழப்பை ஈடுசெய்யவே நெருக்கிய வளியைக் குளிர்விக்கும் கருவி லொறியின் முன்பக்கத்தில் வைக்கப்படுகின்றது. குளிர்நாட்டில் வகுத்த கணக்கு எமது வெயிலுக்கு அப்படியே பொருந்துவதில்லை என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

'அமுக்கம்' என்னும் சொல் குறித்து ஒன்று. தமிழகத்தார் 'அழுத்தம்' என்பதை நாம் அமுக்கம் என்போம். சுதந்திரத்தின் பின் விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்பிக்க இலங்கையில் ஆக்கப்பட்ட கலைச்சொற்களின் வழி வந்தது எமது வழக்கு. அதற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் மேலைநாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். கராஜுக்கு அத்தகைய கிறீன் ஒருவரும் வாய்க்கவில்லை. அங்கு வழங்கும் சொற்களைத் தொழிலாளரே ஆக்கிக்கொண்டனர். வலுவை 'இழுவை' என்றும், உருளையினுள் எரிபொருள் காலந்தவறி வெடிப்பதைத் 'தட்டுதல்' என்றும் அவர்கள் கூறுவது எமது பாடநூற் சொற்களிலும் தெளிவானது என்பது எமது எண்ணம்.

3

இனிக் குடாநாட்டுக்கு வருவோம். இயந்திரம் இங்குள்ள உழைப்பாளியின் வாழ்வை நேரடியாகத் தொட்டது லொறியினால் அன்று, கிணற்றடியிலேதான். சுண்ணாம்புக் கற்பாறையின் கீழுள்ள நன்னீரைத் துலா மிதித்தும் பட்டை பிடித்தும் இறைத்த விவசாயிக்கு, சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் நீரிறைக்கும் இயந்திரம் வந்து சேர்ந்தது. மண்ணெண்ணெயில் இயங்கும் சிறிய எஞ்சின் அது. பெற்றோலிற் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் முறையை வாழைத் தோட்டத்துச் சிறுவனும் அறிந்திருந்தான். இந்தச் சிறு செய்தி பின்னர் பெரும் முக்கியத்துவம் பெறுகின்றது.

இறைப்பு எளிதானதும் பயிர்ச்செய்கை பெருகிற்று. பயிர்ச்செய்கை பெருகியதும் லொறியின் தேவை பெருகிற்று. குடாநாட்டின் சந்தை குடாநாட்டுக்குள் இல்லை. ஆனையிறவைக் கடந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கொழும்பிலேயே அது இருந்தது. 1905 இல் காங்கேசன்துறையை எட்டிய புகையிரதம் பாரிய சரக்குகளைச் சுமந்தது. எனினும் தோட்ட வாசலிலே ஏற்றி மொத்த வியாபாரியின் கடை வாசலிலே இறக்கும் ஆற்றல் லொறிக்கே இருந்தமையால், அழுகும் பொருள்கள் அதனிடமே சென்றன.

இந்த லொறிகள் குடியேற்ற ஆட்சியின் வணிக வழியே வந்தவை. பெட்போர்ட், ஓஸ்டின், லேலண்ட் முதலிய பிரித்தானியப் பெயர்களே வீதியில் முதலிற் பழகின. பஸ்களிலும் அவ்வாறே. 1958 சனவரி முதலாம் திகதி தனியார் பஸ் கொம்பனிகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவாகியபோது லேலண்ட் எஞ்சினே அதன் முதுகெலும்பாயிற்று. கோண்டாவில் முதலான சாலைகளில் அந்த எஞ்சின்களைக் கழற்றிப் பூட்டிய தொழிலாளர் ஒரு தலைமுறை மெக்கானிக்மாராயினர். பின்னர் இந்தியாவிலிருந்து டாட்டா லொறிகள் வந்தன. 1954 இல் ஜேர்மனியின் டெய்ம்லர் பென்ஸ் நிறுவனத்தோடு டாட்டா செய்துகொண்ட உடன்படிக்கையின் விளைவு அவை. அவ்வுடன்படிக்கை முடிந்த பின்னரும் 'டாட்டா பென்ஸ்' என்ற பெயர் எம்மவர் வாயில் நிலைத்தது.

இவ்வெஞ்சின்கள் பெரும்பாலும் இயற்கை மூச்சு எஞ்சின்கள். மேலமுக்கம் அக்காலத்தில் உலகுக்குத் தெரியாத பொருளன்று. பிரித்தானியாவிலேயே ரூட்ஸ் குழுமத்தின் கொமர் லொறிகளில் 1954 முதல் மூன்று உருளைகளும் ஆறு முசலங்களும் கொண்ட ஈரடிப்பு டீசல் எஞ்சின் ஒன்று பொருத்தப்பட்டது. அதில் ஊதி இன்றியமையாத உறுப்பு. ஈரடிப்பு எஞ்சின் தானாக மூச்சிழுக்க மாட்டாது. பெயரொற்றுமையால் மயங்கலாகாது: ஊதியைக் கண்ட அமெரிக்கச் சகோதரர் வேறு, இந்த ஆங்கில நிறுவனத்தார் வேறு. அவ்வெஞ்சினில் ஊதி தந்த அமுக்கம் கழிவு வாயுவைத் துடைத்து அகற்றுவதற்கே முதன்மையாகப் பயன்பட்டதென்பதும் கருதத்தக்கது. மேலமுக்கத்தைப் பொருளாதார ஆயுதமாக்கிய நாடுகள் நெடுந்தூரக் கனரகப் போக்குவரத்து வளர்ந்த நாடுகளே. வேகமும் நிறையும் கூடினால் ஒரு தொன்னுக்கான செலவு குறையும் என்ற கணக்கு அங்கே ஆட்சி செய்தது. எமது சிறு லொறி உடைமையாளருக்கோ முதலில் வேண்டியது உள்ளூரிற் செப்பனிடக்கூடிய எஞ்சின். குடாநாடு பெரும்பாலும் சமதரை, ஏறுதற்கு மலையில்லை. டர்போ தன் பலத்தைக் காட்டும் நிலப்பரப்பன்று இது.

1970 முதல் 1977 வரை ஆட்சியிலிருந்த ஐக்கிய முன்னணி அரசு மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. அதனால் யாழ்ப்பாண விவசாயி நல்விலை பெற்றமை யாவரும் அறிந்தது. அதே கட்டுப்பாடு வாகனங்களையும் உதிரிப்பாகங்களையும் தாக்கிற்று என்பது அத்துணை பேசப்படுவதில்லை. விளைச்சல் கூடிய வேளையில் புதிய லொறி கிடையாது. பழைய லொறி ஓய முடியாது. தேய்ந்த உருளைக்கு உள்ளுறை செருகுவதும், ஒரு வகை எஞ்சினின் பாகத்தை மற்றொரு வகைக்குக் கடைந்து பொருத்துவதும் கடைச்சற் பட்டறைகளின் அன்றாடத் தொழிலாயின. குடாநாட்டு மெக்கானிக்கின் கைத்திறன் பற்றித் தென்னிலங்கையிலும் வழங்கிய புகழ் இனத்துக்குரிய இயல்பன்று. அது ஒரு பொருளாதாரக் கொள்கையின் விளைவு. எம்மவர் சிலர் இத்திறனை 'யாழ்ப்பாணத்து மூளை' என்று பெருமை பேசுவதுண்டு. பற்றாக்குறையே ஆசிரியன் என்று கூறுவதோடு நாம் அமைவோம்.

1977 இல் திறந்த பொருளாதாரம் வந்தது. வெங்காயமும் மிளகாயும் வெளிநாட்டிலிருந்து வந்திறங்க, விலை வீழ்ந்தது. கூடவே யப்பானிய லொறிகளும் வந்தன. இசுசு என்ற பெயர் வீதியெங்கும் பரவிற்று. லொறி கிடைத்தபோது ஏற்றுதற்குரிய சரக்கின் விலை போயிற்று என்பது இக்காலத்தின் முரண்.

4

1987 சனவரியிலேயே குடாநாட்டின் மீது எரிபொருள் தடை ஒரு முறை விதிக்கப்பட்டது. அவ்வாண்டு யூலை மாத உடன்படிக்கையோடு அது நீங்கியது. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபோது விதிக்கப்பட்ட தடை நீடித்தது. புகையிரதம் நின்றது. ஆனையிறவுப் பாதை மூடப்பட்டது. மின்சாரம் அற்றது. பெற்றோலும் டீசலும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. மண்ணெண்ணெய் மட்டுப்படுத்திய அளவிலே வந்தது. கள்ளச் சந்தையில் பெற்றோல் போத்தற் கணக்கில் விலையாயிற்று.

ஆயினும் வாகனங்கள் முற்றாக நிற்கவில்லை. அறுபதுகளிலேயே கிழடு தட்டியவை எனக் கருதப்பட்ட ஓஸ்டின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மோட்டார் சைக்கிள்களும் ஓடின. சிறு போத்தலொன்றிலிருந்து குழாய் வழியே சில துளி பெற்றோலைக் காபுரேற்றருக்கு விட்டுக் கிளப்பி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். மருத்துவமனையிற் சேலைன் ஏற்றும் குழாய் இதற்கு உதவியது. இக்காட்சியை வெளியார் வியந்து எழுதினர். விந்தை என்று கூறுவதோடு அமைந்தால் வரலாறு தவறிவிடும். இதற்குத் தெளிவான பௌதிகக் காரணம் உண்டு.

பெற்றோல் எஞ்சினில் எரிபொருளும் வளியும் கலந்து நெருக்கப்பட்ட பின்னரே பொறி பற்றவைக்கின்றது. மண்ணெண்ணெயின் ஒக்ரேன் எண் மிகக் குறைவு. அதாவது நெருக்கம் சற்று மிகுந்தாலும் அது காலந்தவறித் தானே வெடிக்கும். அதுவே தட்டுதல். தட்டுதல் நீடித்தால் முசலத்தின் தலை உடையும். ஆகவே மண்ணெண்ணெயை ஏற்கக்கூடியது நெருக்கல் விகிதம் குறைந்த எஞ்சினே. போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் விற்ற பெற்றோலின் தரம் தாழ்ந்தது. அக்காலத்து எஞ்சின்கள் அதற்கேற்ப ஏழுக்கு ஒன்று அளவான நெருக்கல் விகிதத்தோடு வடிக்கப்பட்டன. ஓஸ்டின் ஏ-40 இனது விகிதம் 7.2. எண்பதுகளின் யப்பானியக் கார்களினது விகிதமோ ஒன்பதை எட்டியது. அவை மண்ணெண்ணெயிற் தட்டின. இன்னும் ஒரு படி மேலே சென்று, வளியை மேலமுக்கத்தில் ஏற்கும் பெற்றோல் எஞ்சினை எண்ணிப் பாருங்கள். அது உருளைக்குள் வளியை விடுமுன்னரே நெருக்கத்தின் ஒரு பகுதியைச் செய்து முடிக்கின்றது. மண்ணெண்ணெயில் அதன் ஆயுள் மணிக்கணக்கிலேயே அமையும். எஞ்சின் வளர்ச்சியின் வரலாறு அமுக்கம் உயர்ந்து சென்ற வரலாறு. ஏணியின் கீழ்ப்படியில் நின்றவையே முற்றுகையிற் பிழைத்தன.

இந்த அறிவு எங்கிருந்து வந்தது? திடீரென 1990 இல் ஒருவரின் மூளையில் உதித்தது என்று கொள்ள நாம் தயாரில்லை. மேலே கூறிய நீரிறைக்கும் இயந்திரமே இதன் ஆசிரியன் என்பது எமது கருத்து. கிளப்பப் பெற்றோல், ஓட மண்ணெண்ணெய் என்ற விதி கிணற்றடியில் ஏறத்தாழ நாற்பது ஆண்டு பழகியது. மண்ணெண்ணெயில் இயங்கும் வெளியிணைப்பு எஞ்சினைப் படகிற் பூட்டிய மீனவரும் இதனை அறிந்திருந்தனர். அதே முறையைப் பிரித்தானியாவின் பெர்குசன் உழவு இயந்திரங்களிலும் காணலாம். வரி குறைந்த மண்ணெண்ணெய் இன எரிபொருளுக்கென, நெருக்கல் விகிதத்தைத் தாழ்த்தி, கழிவு வாயுவின் சூட்டினால் எரிபொருளை ஆவியாக்கி ஊட்டினர். இரண்டாம் உலகப் போரின்போது தமிழகத்திற் கரிவாயுவில் பஸ்கள் ஓடியதையும் இதனோடு ஒப்பிடலாம். அவையெல்லாம் அரசின் ஆதரவோடு நிறுவனங்கள் செய்தவை. குடாநாட்டிலோ ஒழுங்கையோரக் கராஜே ஆய்வுகூடமாயிற்று. உற்பத்திச் சாதனமும் எரிபொருளும் பறிக்கப்பட்ட நிலையிலும் தொழிலாளியின் கையிலுள்ள அறிவு பறிபோவதில்லை. அத்தொழிலாளரிற் பலர் புலம்பெயர்ந்துவிட்டனர், பலர் மறைந்துவிட்டனர். எஞ்சியோரின் வாய்மொழியைப் பதிவுசெய்வது எமது துறையினர் உடனே மேற்கொள்ளவேண்டிய பணி.

டீசல் லொறியின் கதை சற்று வேறு. டீசல் எஞ்சினில் வளி மாத்திரமே நெருக்கப்படுகின்றது. அதன் சூட்டிலே எரிபொருள் தானாகப் பற்றுகின்றது. ஆதலால் தகனத்தைப் பொறுத்தவரை மண்ணெண்ணெய் அதற்குப் பெரும் பகையன்று. பகை வேறிடத்திலுள்ளது. எரிபொருளைப் பீச்சும் பம்பின் நுண்ணிய பாகங்களுக்கு மசகாக அமைவது அந்த எரிபொருளே. மண்ணெண்ணெய் மெல்லியது, வழுவழுப்பற்றது. பாகங்கள் உராய்ந்து தேயும். இதனை அறிந்தே அதனோடு தாவர எண்ணெயைக் கலந்தனர். வாகனம் சென்ற வழியெல்லாம் பலகாரம் பொரித்த மணம் வீசியதை அக்காலத்தில் வாழ்ந்தோர் மறவார். சுழல்வகைப் பம்புகள் முற்றாக எரிபொருளினாலேயே மசகிடப்படுவன. அவை முதலிற் பழுதடையக்கூடியவை. எஞ்சின் எண்ணெயால் ஓரளவு மசகிடப்படும் பழைய நிரைவகைப் பம்புகள் தாக்குப்பிடிக்கக்கூடியவை.

டர்போ இருந்திருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்? வரலாற்றில் 'இருந்திருந்தால்' என்பதற்கு இடமில்லை என்பர். பொறியியலில் உண்டு. டர்போவின் தண்டு நிமிடத்துக்குப் பல்லாயிரம், சிறியவற்றில் ஓரிலட்சம் தடவைக்கு மேலும் சுழல்வது. அது எஞ்சின் எண்ணெயின் மெல்லிய படலத்திலே மிதந்து சுழல்கின்றது. எரியாத மண்ணெண்ணெய் முசல வளையங்களைக் கடந்து எண்ணெய்த் தொட்டியில் வடிந்து எண்ணெயை நீர்க்கச் செய்தால், அப்படலம் அறும். புதிய எண்ணெய் எளிதிற் கிடையாத நாடொன்றில் டர்போவின் தாங்கிகள் முதலிற் போகும். அதன் பின் எண்ணெய் வளிக்குழாயினுட் கசிந்து எஞ்சினையே கெடுக்கும். சாதாரண எஞ்சினோ அதே எண்ணெயில் முனகிக்கொண்டு, இழுவை குறைந்து, புகை கக்கி, ஆயினும் ஓடும்.

முற்றுகைக்கால லொறியின் உழைப்பும் வேறாயிற்று. 400 கிலோமீற்றர் ஓட வடித்த எஞ்சின், ஏறத்தாழ ஆயிரம் சதுர கிலோமீற்றர் பரப்புக்குள் பெரும்பாலும் அடைபட்டது. கிளாலிக் கடனீரேரியைப் படகிற் கடந்து வந்த பொருள்களை ஊருக்குள் சுமந்ததும் அதுவே. 1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி வலிகாமத்து மக்கள் ஓரிரவில் இடம்பெயர்ந்தபோது, பெரும்பாலோர் கால்நடையாகவும் துவிச்சக்கரவண்டியோடும் சென்றனர். லொறியும் உழவு இயந்திரமும் கிடைத்தோர் சிலரே. எரிபொருளைத் தடுப்பது இயந்திரத்தைத் தடுப்பதாகத் தோன்றினும், அது இறுதியில் மனித உடலின் மீதே சுமையாக இறங்கும் என்பதற்கு அவ்விரவின் நாவற்குழிப் பாலத்தினும் வேறு சான்று வேண்டியதில்லை. துலாவிலிருந்து இயந்திரத்துக்குச் சென்ற விவசாயியும் மீண்டும் துலாவை நோக்க நேர்ந்தது. எமது பொருளியல் நூல்கள் இதனைப் 'பின்னடைவு' என்ற ஒரு சொல்லால் முடித்துவிடுகின்றன.

5

2002 ஏப்பிரலில் ஏ-9 பாதை திறக்கப்பட்டது. 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. 2009 இல் போர் முடிவுற்ற பின் படிப்படியாகத் திறந்தது. 2011 சனவரியிற் சங்குப்பிட்டிப் பாலமும், 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரையான புகையிரதமும் வந்தன. இக்காலத்தில் வடக்கே வந்த லொறிகள் பழைய குடும்பத்தைச் சேர்ந்தவையல்ல. இந்தியாவில் டாட்டா நிறுவனம் அமெரிக்காவின் கமின்ஸ் நிறுவனத்தோடு 1993 இல் கூட்டுச் சேர்ந்தது. புகைக் கட்டுப்பாட்டு விதிகளும் 2000 ஆம் ஆண்டின் பின்னர் இறுகின. இவற்றின் விளைவாக டர்போவும் குளிர்விக்கும் கருவியும் இந்திய லொறியின் வழக்கமான உறுப்புகளாயின. இவ்வாறாக, உலகில் அரை நூற்றாண்டாக நிகழ்ந்த மாற்றம் குடாநாட்டுக்குள் சில ஆண்டுகளிலே வந்திறங்கியது. வழியிற் கண்டு பழகி, உடைத்துப் பார்த்துக் கற்பதற்குரிய இடைக்காலம் எமது கராஜுக்குக் கிட்டவில்லை.

அவ்வாறு வந்தமையின் விளைவு 2022 இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றது. யூலை முதல் கியூ.ஆர். குறியீட்டுப் பங்கீடு வந்தது. தென்னிலங்கைக்குப் புதிதான இந்த வரிசை வடக்குக்குப் பழையது. எனினும் தொண்ணூறுகளின் மாற்றுவழி இம்முறை அதே அளவிற் கைகொடுக்கக்கூடியதாக இருக்கவில்லை. புதிய டீசல் எஞ்சின் எரிபொருளை ஆயிரம் வளிமண்டல அமுக்கத்துக்கு மேலாக நெருக்கிப் பீச்சுவது. பழைய எஞ்சினின் பீச்சி ஏறத்தாழ இருநூறிலே திறந்தது. அத்தகைய பம்பில் மண்ணெண்ணெயை ஊற்றுவது பம்பையே விற்றுவிடுவதற்குச் சமம். மண்ணெண்ணெயும் மலிவாக இருக்கவில்லை. 2022 ஓகஸ்டில் அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அதனை முதலில் உணர்ந்தோர் படகு எஞ்சினுக்கு அதனை நம்பியிருந்த மீனவரும் கிணற்றடி விவசாயியுமே.

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, 2025 இன் தொடக்கம் வரை பெரும்பாலும் தடையிலே இருந்தது. எழுபதுகளின் நிலை, வேறு காரணத்தால், திரும்பி வந்தது: உள்ள லொறியை ஓட்டியே தீரவேண்டும். ஆனால் இப்போது கராஜுக்கு வரும் லொறியில், டர்போவின் மேலமுக்கத்தை உட்குழாயிலுள்ள ஓர் உணரி அளக்கின்றது. எதிர்பார்த்த அளவு கிட்டாவிடின், குழாயில் ஒரு சிறு வெடிப்பினால் வளி கசிந்தாலும், கட்டுப்பாட்டுப் பெட்டி எரிபொருளைத் தானே குறைத்துவிடுகின்றது. லொறி இழுவையற்று ஊர்ந்து வருகின்றது. அந்தப் பெட்டியோடு பேசும் கருவியை வைத்திருப்போன் குறியீட்டை வாசித்துப் பாகத்தை மாற்றச் சொல்வான். கருவியற்ற பழைய மெக்கானிக்கோ எஞ்சினை ஓடவிட்டு, சவர்க்கார நீரைக் குழாய் மூட்டுகளிற் பூசி, எங்கே குமிழி எழுகின்றதென்று குனிந்து பார்க்கின்றான்.